பென்னிகுயிக் புராஜெக்ட் தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்பம் பள்ளத்தாக்கின் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கூடலூர் தொடங்கிச் சின்னமனூர் வரைக்கும் வரலாறு நடத்தும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். கம்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். வினாத்தாள் எடுக்கவோ ஆதார் நகல் எடுக்கவோ உங்களில் பல பேர் என் கடைப்படி ஏறியிருப்பீர்கள். 2007-இல் ஒரே ஒரு மிஷினோடு ஆரம்பித்த கடை. அன்றிலிருந்து மார்கழிக் கடைசியில் தவறாமல் ஒரு வேலை வரும். "அண்ணே, பென்னிகுயிக் புராஜெக்ட்."

முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய வெள்ளைக்காரப் பொறியாளர் பென்னிகுயிக். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பொங்கலை ஒட்டி வருவதால் எங்கள் பக்கம் அது ஊர்த் திருநாள் மாதிரிதான். பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் மாலை போடுகிறார்கள். பள்ளிக்கூடங்களில் புராஜெக்ட் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். என் கடையிலும் கல்லாவுக்கு மேலே லட்சுமி படமும் அவர் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. என் அப்பா இரண்டு போகம் நெல் போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் பென்னிகுயிக்கைக் குறை சொல்லும் மடலாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வருத்தம் புராஜெக்டைப் பற்றியது.

போன ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பாதி ஷட்டரை இறக்கிவிட்டேன். ஒரு அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டுகிற நேரத்துக்கு இறங்குகிறவர். சேலைக்கு மேலே மாட்டிய முழுக்கைச் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. பையனுக்கு நாளைக்குக் காலையில் புராஜெக்ட் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்திருக்கிறது, அதை அப்படியே எடுத்துக் கொடுத்தால் போதும் என்றார். பதினாலு பக்கம் கலர், பக்கத்துக்குப் பத்து ரூபாய். ஸ்பைரல் நாற்பது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து நூற்றெண்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தார். துளை போடுகிற நேரத்தில் சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: "தம்பி, பென்னிகுயிக் எங்க பொறந்தாரு?" பையன் அட்டையைப் பார்த்தான். அதில் இல்லை. "லண்டன்ல" என்றான். அவன் கையிலிருக்கும் இரண்டாம் பக்கத்திலேயே புனே என்று இருக்கிறது. 1841-இல் புனேயில் பிறந்தவர் அவர். பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் படிக்கவேண்டும் என்று அந்தப் பதினாலு பக்கத்தில் யாருமே எதிர்பார்க்கவில்லையே.

அந்த ஃபைல் எனக்குப் பழைய சிநேகிதன். முன்பு பென் டிரைவில் வரும், இப்போது போனில் வருகிறது. எந்த ஊர்ப் பிள்ளை கொண்டுவந்தாலும் அதேதான். மூன்றாம் பக்கத்தில் 'முல்லைப்பெரியார் அணை' என்று ஒரு பிழை இருக்கும். ஆறு 'ஆர்' ஆகிவிட்டது. எட்டு வருஷமாக அந்தப் பிழையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளை அதை நம்பி அட்டையில் ஈ.வெ.ரா. படத்தை ஒட்டிக் கொண்டுவந்தது, அதற்கும் ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். கேட்டால் மார்க்கும் வந்ததாம். இந்த வருஷம் ஏ.ஐ. படங்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. ஒன்றில் துரை அணைக்கட்டின் மேல் வேட்டி கட்டி நிற்கிறார், வலது கையில் ஆறு விரல்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. அதைச் சொல்ல இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அரைப் பரீட்சை லீவில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வண்டிப்பெரியாறிலிருந்து பேத்தி வந்திருந்தாள். அம்மா அப்பா இரண்டு பேரும் அங்கே தேயிலைத் தோட்டத்தில். அந்த ஊர் இருக்கும் பீர்மேடு 1956-இல் கேரளத்தோடு போனதிலிருந்து அந்தப் பக்கத்து நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்கிறார்கள். இவளும் அப்படித்தான், எட்டாவது. இங்கே இருக்கும் அவள் மாமா மகனும் எட்டாவது. இவனுக்குப் பென்னிகுயிக் புராஜெக்ட். அவளுக்கும் ஒரு புராஜெக்ட், முல்லைப்பெரியாறு பாட்டக்கரார். அதாவது அணைக்காகத் திருவிதாங்கூர் சமஸ்தானம் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு 999 வருஷத்துக்கு எழுதிக்கொடுத்த குத்தகை ஒப்பந்தம். ஒரே அணை, இரண்டு பக்கத்துப் பாடம். இரண்டு பேரும் படம் பிரிண்ட் எடுக்க என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சண்டை போட ஆரம்பித்தார்கள்.

"மகாராஜா நெஞ்சு ரத்தத்தாலதான் ஒப்பிட்டாரு, எங்க டீச்சர் சொன்னாங்க" என்றாள் அவள். இவனுக்கு ஒப்பிட்டார் என்றால் புரியவில்லை. எதோடு எதை ஒப்பிட்டார் என்று கேட்டான். மலையாளத்தில் கையெழுத்துப் போடுவதை அப்படிச் சொல்வார்கள் என்று நான் விளக்கினேன். உடனே இவன், "எங்க ஆளு பொண்டாட்டி நகையவே வித்துக் கட்டினாரு" என்றான். இரண்டு பேருக்கும் குரல் ஏறியது.

சரி, வாங்கடா என்று வீணாய்ப்போன ஒரு தாளைத் திருப்பிப் போட்டு ஆளுக்கொரு பென்சில் கொடுத்தேன். நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் 'தெரிந்தது'. வலது பக்கம் 'எப்படித் தெரியும்'. அவ்வளவுதான் விளையாட்டு.

முதலில் மகாராஜா. அந்தக் கதையில் வரும் ராஜா விசாகம் திருநாள். அவர் எப்போது இறந்தார் என்று தேடச் சொன்னேன். 1885 ஆகஸ்ட். ஒப்பந்தம் கையெழுத்தான தேதி? அவள் புராஜெக்ட் தாளிலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தாள்: 1886 அக்டோபர் 29. பெண் இரண்டு தேதியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பார்த்தாள், கணக்குப் பாடம் மாதிரி. பதினாலு மாதத்துக்கும் மேலே. இறந்துபோனவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அப்போது சிம்மாசனத்தில் இருந்தவர் மூலம் திருநாள். ஒப்பந்தத்தில் திருவிதாங்கூருக்காகக் கையெழுத்துப் போட்டவர் திவான் ராமய்யங்கார். வெள்ளைக்காரன் பக்கம் ரெசிடெண்ட் ஹானிங்டன். ரத்தமும் இல்லை, ராஜாவும் இல்லை. குத்தகைக்குக் கொடுத்தது 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய், மொத்தம் நாற்பதாயிரம்.

மாமா மகன் கைதட்டிச் சிரித்தான். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்: "சரி, உங்க ஆளு நகைய வித்ததுக்குப் பேப்பர் எங்க?"

அவன், "எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?" என்று வலது பக்கக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

என்னிடம் ஒரு பழைய புத்தகத்தின் நகல் இருக்கிறது. அணைக்கட்டு வேலையில் பொறியாளராக இருந்த மெக்கன்சி என்பவர் எழுதி 1899-இல் வெளிவந்த பெரியாறு திட்ட வரலாறு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருவர் ஸ்பைரல் போடக் கொண்டுவந்தார், அவரிடம் கேட்டு எனக்கும் ஒரு செட் எடுத்து வைத்துக்கொண்டேன். அதைத் தூக்கி மேஜையில் போட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் பல தடவை புரட்டியிருக்கிறேன். நகையும் சொத்தும் விற்ற செய்தி என் கண்ணில் பட்டதில்லை. பிள்ளைகளும் அன்றைக்கு ஒரு மணி நேரம் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது வேறு. ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வந்தார்கள். சென்னைப் படையின் பயனியர் பட்டாளத்துக்காரர்கள் வந்து மண் சுமந்தார்கள். கம்பிவடத்தில் சாமான்களை மலைக்கு மேலே ஏற்றினார்கள். காட்டுக் காய்ச்சலில் விழுந்தவர்கள் திரும்ப எழுந்திருக்கவில்லை. பையனுக்குக் கம்பிவடம் ரொம்பப் பிடித்துவிட்டது. "ரோப் காராண்ணே? அப்பவேவா?" என்று நாலு தடவை கேட்டான். வாட்ஸ்அப் ஃபைலின் பதினாலு பக்கத்திலும் அந்தக் கம்பிவடம் கிடையாது.

அன்று சாயங்காலம் அவனே ஒரு காரியம் செய்தான். நான் சொல்லவில்லை. தெருவில் மூன்று பெரியவர்களிடம் போய்த் துரை எதை விற்றார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். அப்பத்தா நகை என்றார். எதிர்வீட்டுத் தாத்தா லண்டனில் இருந்த பங்களா என்றார். டீக்கடைக்காரர் இங்கிலாந்தில் இருந்த நிலபுலம் எல்லாம் என்றார். மூன்று பதில். பையன் வலது பக்கக் கட்டத்தில் இப்படி எழுதினான்: "மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்று பேருமே கேள்விப்பட்டதாகச் சொன்னார்கள். எழுத்தில் எங்கள் கையில் கிடைக்கவில்லை."

எனக்கு அதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. பதினெட்டு வருஷத்தில் என் கடை வழியாகப் போன புராஜெக்டுகளில் அது ஒன்றுதான் ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வரி.

நகைக் கதை எப்படி வந்திருக்கும் என்று நானும் யோசித்தேன். என் ஊகம்தான், வலது பக்கக் கட்டத்தில் 'ஜெராக்ஸ் கடைக்காரர் நினைப்பது' என்றுதான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் நடவுக்குப் பணம் வேண்டுமென்றால் முதலில் போவது அம்மாவின் தோடு. அறுப்பு முடிந்தால் திரும்பும், மழை பொய்த்தால் திரும்பாது. தாது வருஷப் பஞ்சத்தில் உயிரோடு மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். காட்டு வேலைக்கு நகையை அடகு வைத்துப் பழகிய சனம், இத்தனை பெரிய காரியம் செய்தவனும் பெண்டாட்டி நகையை விற்றுத்தான் செய்திருப்பான் என்று நினைத்திருக்கும். தன் வீட்டு மனுஷனாக ஆக்கிக்கொண்டது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் தங்கள் மண்ணும் காடும் போன வலியை ராஜாவின் நெஞ்சில் இறக்கி வைத்தார்கள். இரண்டும் கதைதான், இரண்டிலும் ஒரு உண்மை இருக்கிறது. ஆனால் அது 1886-இல் நடந்ததைப் பற்றிய உண்மை இல்லை. கதையைச் சொன்னவர்களைப் பற்றிய உண்மை. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இது புரியுமா என்று கேட்காதீர்கள். அந்த இரண்டுக்கும் புரிந்தது.

இனிமேல்தான் வருத்தமான பகுதி. பள்ளி பெயரைச் சொல்ல மாட்டேன், ஆசிரியர் பெயரும் வேண்டாம். பையன் கையால் எழுதி, பென்சிலால் கம்பிவடம் வரைந்து, கட்டம் போட்ட ஆறு வெள்ளைத் தாளைத் தைத்துக் கொண்டுபோய் வைத்தான். வகுப்பில் எழுந்து பேசவும் செய்தான். நகை வரிக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். "ஆதாரம் கேக்க நீ யாரு? தெய்வமா கும்பிடுற ஆளு" என்று ஏச்சு. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதி வா, கலர் படம் ஒட்டி வா என்று அனுப்பிவிட்டார்கள். அவன் திரும்ப என் கடைக்கு வந்தான். கடைசியில் நான்தான் அந்தப் பழைய ஃபைலைப் பதினாலு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முல்லைப்பெரியார் அணை என்ற பிழையோடு. காசு வாங்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

அந்தப் பெண் புராஜெக்ட் என்ன ஆனது என்று தெரியாது. ஓணம் லீவுக்கு வந்தால் கேட்க வேண்டும்.

சார், டீச்சர், உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதது இல்லை. வளரறி மதிப்பீட்டு மார்க்கை ஏற்றுவதும் எமிஸ் என்னும் கல்வித் துறை இணையப் பதிவும் எத்தனை பேருடைய சாயங்காலத்தைத் தின்கின்றன என்று என் கடை கம்ப்யூட்டருக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளின் ஆறு தாளை உட்கார்ந்து படிக்க நேரம் எங்கே? ஸ்பைரல் போட்டுப் பளபளப்பாக இருந்தால் அதிகாரி வந்தாலும் எடுத்துக் காட்டலாம். அதெல்லாம் சரி. ஆனாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் அந்தப் பையன் முகம் தூங்க விடாது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. புராஜெக்ட் தாளில் அந்த வலது பக்கக் கட்டத்தைப் போடச் சொல்லுங்கள். எப்படித் தெரியும்? புத்தகமா, பேப்பரா, பாட்டியா, மணிமண்டபத்தில் பார்த்ததா, வாட்ஸ்அப்பா? வாட்ஸ்அப் என்றே எழுதட்டும், தப்பில்லை. அதை எழுதும்போதே பிள்ளைக்கு ஒரு கூச்சம் வரும் பாருங்கள், அது போதும். பதினாலு பக்கம் வேண்டாம். இரண்டு பக்கம் போதும். உங்களுக்கும் படிக்க நேரம் கிடைக்கும்.

இந்தக் கட்டம் பிள்ளைகளின் விளையாட்டு என்று யாராவது நினைத்தால் மதுரைச் சங்கதியை நினைவுபடுத்திக்கொள்ளலாம். நத்தம் சாலையில் கலைஞர் நூலகம் கட்ட 2021-இல் இடம் பார்த்தபோது, அங்கே இருந்த பொதுப்பணித் துறைக் கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு, இடிக்கக் கூடாது என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. நம் மாவட்டத்திலும் கொதித்தார்கள். நானும் கொதித்தவன்தான். போஸ்டருக்கு ஐந்நூறு பிரதி பாதி விலையில் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் அரசாங்கம் துறைப் பதிவேட்டைக் காட்டிப் பதில் சொன்னது: அவர் இறந்தது 1911 மார்ச் 9, கட்டடம் கட்டியது அதற்குப் பிறகு. வண்டிப்பெரியாறுப் பெண் போட்ட அதே கழித்தல் கணக்கு. வளர்ந்தவர்கள் நாங்கள் அதைப் போடாமல் ரோட்டில் இறங்கிவிட்டோம். என் ஐந்நூறு பிரதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கட்டம் போட ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு எழுதப் பஞ்சமே இருக்காது, நம் ஊரில் விஷயம் அப்படிக் கொட்டிக் கிடக்கிறது. பென்னிகுயிக்குக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி, அதாவது மந்திரி, முத்திருளப்ப பிள்ளை, இந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். செலவு தாங்காது என்று விட்டுவிட்டார். 1808-இல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் வந்து பார்த்து, இது ஆகாத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். பிஷப் கால்டுவெல் வேறு, பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். 1867-இல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் ஒரு திட்டம் போட்டார். அப்புறம் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் சனம் செத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. 1882-இல் வேலை பென்னிகுயிக் கைக்கு வந்தது, 1887-இல் தொடங்கி 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். ஒரே மனுஷன் ஒரே ராத்திரியில் கனவு கண்டு கட்டியதாக நம் புராஜெக்டுகள் சொல்கின்றன. நூறு வருஷம் பல பேர் முடியாது என்று சொன்ன வேலையை முடித்தவர் என்று எழுதினால் அவர் பெருமை கூடுமா குறையுமா?

அவரோடு வேலை பார்த்தவர்களையும் கொஞ்சம் நினைக்கலாம். சுரங்க வேலையில் இருந்த லோகன் என்ற பொறியாளரின் பெயரில் எங்கள் பக்கம் லோகன்துரை என்று பிள்ளைகளுக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். தன் வகுப்பிலோ தெருவிலோ அந்தப் பெயரில் ஒருவர் இருந்தால் ஒரு பிள்ளை போய் ஏன் அந்தப் பேர் என்று கேட்டு வரட்டும். அணைக்குப் பக்கத்தில் காட்டுக்குள் வேலையில் இறந்தவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. கல்லறை எழுப்பினது துரைமார்களுக்கும் சில பேருக்கும்தான். நம் பக்கத்துக் கூலியாட்கள் எத்தனை பேர் எந்த மண்ணுக்குள் போனார்களோ, அவர்களுக்குக் கட்டத்தின் இரண்டு பக்கமும் காலி. காலியாகவே விட்டு ஒரு பிள்ளை புராஜெக்ட் வைத்தால் நீங்கள் முழு மார்க் போட வேண்டும் என்பது என் ஆசை.

தண்ணீர் போகிற வழியையே ஒரு புராஜெக்ட் ஆக்கலாம். மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற ஆற்றை மறித்து, 5,700 அடிக்கு மேல் மலையைக் குடைந்து, கிழக்கே இறக்கி, லோயர் கேம்பில் கரண்டு எடுத்து, சுருளியாற்றோடு சேர்த்து வைகைக்கு அனுப்புகிறோம். வழியில் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம். இதை வகுப்பறையில் உட்கார்ந்து ஏன் படிக்க வேண்டும்? ஒரு நாள் மத்தியானம் பிள்ளைகளை லோயர் கேம்புக்குக் கூட்டிப்போங்கள், டவுன் பஸ்ஸிலேயே போய்வரலாம். மலையிலிருந்து இரும்புக் குழாய்கள் இறங்கி வருவதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். மணிமண்டபத்தில் சிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரட்டும், கும்பிட வேண்டாம் என்றா சொன்னேன்? அந்த ஊருக்கு ஏன் கேம்ப் என்று பேர் என்று மட்டும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யலாம், கொஞ்சம் துணிச்சல் வேண்டும். குமுளிக்கு மேலே இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தோடு பேசி அந்தப் பிள்ளைகளின் புராஜெக்டும் நம் பிள்ளைகளின் புராஜெக்டும் ஒரு நாள் ஒரே மேஜையில் வையுங்கள். மழைக்காலத்தில் ராத்திரி டி.வி.யில் அணை நீர்மட்டம் ஓடும்போது அந்தப் பையன் வீட்டில் 142 அடி எட்டுமா என்று ஆசையோடு பார்ப்பார்கள். உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த அளவு அது. வண்டிப்பெரியாறுப் பெண்ணின் வீடு அணைக்குக் கீழே ஆற்றங்கரைக்குப் பக்கத்தில். அதே எண்ணை அவள் அம்மா வயிற்றில் நெருப்போடு பார்ப்பார். இரண்டு பேரும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. கடையில் சண்டை போட்டதெல்லாம் போட்டுவிட்டு, போகும்போது ஒரே சைக்கிளில்தான் போனார்கள்.

ஜனவரி வருவதற்கு முன்பே இதை உங்கள் கண்ணில் காட்டவேண்டும் என்றுதான் எழுதினேன். கடையில் கொஞ்சம் ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறேன். நடுவில் கோடு போட்ட தாள் இருநூறு அடித்து வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சும்மா தருகிறேன், அனுப்பி வையுங்கள். மெக்கன்சி புத்தக நகல் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. கடையில் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் புரட்டலாம், ஸ்டூல் இரண்டு இருக்கிறது. கையால் எழுதி வந்த புராஜெக்டுக்கு நகல் எடுக்கக் காசு வாங்க மாட்டேன். வாட்ஸ்அப் ஃபைலோடு வந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டேன், வியாபாரம்தானே. பக்கத்துக்குப் பத்து ரூபாய்.

அந்தப் பையன் எழுதிய ஆறு தாளையும் அவன் கிழிப்பதற்கு முன்பே ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது பார்க்கவேண்டும் என்று தோன்றினால் கடைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை இருக்காது.

இப்படிக்கு,
கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்